செகண்ட் ஷிப்ட் கிறிஸ்துதாஸ்

நகரின் பெரிய ஓட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் 'செகண்ட் ஷிப்ட்' என்னும் நடன விடுதி இருக்கிறது. பெங்களூரில் அதற்கு ஒரு கிளை உண்டு, கோயம்புத்தூரில் இன்னொன்று. அதே பெயரில் கேசட்டுகளும் பனியன்களும் விற்கின்றன. இவையனைத்தையும் தோற்றுவித்தவர் பாஸ்கரன் என்றும், 1990இல் சிங்கப்பூரில் ஒரு மழைநாளில் அந்தப் பெயர் அவருக்கு உதித்தது என்றும் சென்ற மாதம் ஒரு வார இதழ் எழுதியிருந்தது. அச்செய்தி பொய். அந்தப் பெயர் 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாடியிலுள்ள ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில், காலை ஒன்பதரை மணித் தேநீர் வேளையில் பிறந்தது. அதைச் சொன்னவர் அம்பத்தூர்ப் பக்கத்து மேனாம்பேட்டுக் கிறிஸ்துதாஸ். அத்தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் எனப்படும் நேர அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துதாஸ் கடைசல் பட்டறையில் டர்னர். இயந்திரம் ஓடும் ஓசையைக் கேட்டே அதன் வேகத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் காதை அவர் பாட்டுக்கும் பயன்படுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலும் நிமிடத்திற்கு எத்தனை தாளம் விழுகிறது என்று எண்ணுவார். அந்த எண்ணைக் கேசட் உறையின் மூலையில் சிவப்பு மையால் குறிப்பார். பிறகு இரண்டு டேப் ரிக்கார்டர்களை அருகருகே வைத்து, நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பதினான்குக்கும், அங்கிருந்து நூற்றுப் பதினேழுக்கும் பாட்டு இடறாமல் நகருமாறு ஒரே நாடாவில் பதிவார். ஆடுகிறவர்களின் கால் எங்கும் நிற்க வேண்டியதில்லை. நகரத்து விடுதிகளில் இந்த வேலைக்கு இன்று தனிப் பட்டமும் தனிச் சம்பளமும் இருக்கின்றன. அன்று மேனாம்பேட்டில் அதற்குப் பெயர்கூட இல்லை.

மேனாம்பேட்டு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்றரைக்கு அவர் நடத்திய நடனம் தொடங்கும். ஐந்து நாற்பதுக்கு முடிந்துவிடும். அந்த நேரம் ஆராய்ந்து வைக்கப்பட்டது. அம்பத்தூர் எஸ்டேட் எனும் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு விடும். திருநின்றவூர்ப் பக்கம் செல்லும் பெண்கள் ஆறு மணிக்குச் சற்று முந்திய ரயிலைப் பிடித்தால்தான், விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் இருக்க முடியும். ஆகவே கடைசிப் பாட்டின் கடைசித் தாளம் ரயிலைப் பார்த்து அமைக்கப்பட்டது. எல்லாக் கூடங்களையும் போல இங்கும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அனைவரும் வெறுங்காலோடு ஆடினார்கள். குடித்தவனுக்கு அனுமதியில்லை. தங்கையை அழைத்துவந்த அண்ணன்மார் முதலில் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் வாரம் அவர்களும் எழுந்துவிடுவார்கள்.

பெயர் பிறந்த கதை இது. கேண்டீனில் தேநீர் ஊற்றும் துலுக்கானம் ஒருநாள் கிறிஸ்துதாஸை வழிமறித்தார்.

"இன்னா தாசு, சனிக்கெழம சங்கு ஊதனா போதும், நாய் தொர்த்தினா மாரி ஓட்ற? எங்கப்பா?"

"செகண்ட் ஷிப்டுக்கு அண்ணாத்தே."

"நீ பர்ஸ்ட் ஷிப்டு ஆளாச்சே. டபுள் டூட்டியா?"

"இங்க கைக்கு வேல. அங்க காலுக்கு வேல."

கேண்டீனே சிரித்தது. மறுவாரம் கூடத்து வாசலில் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்: செகண்ட் ஷிப்ட். அதோடு நிற்கவில்லை. ஒருநாள் கேண்டீன் சன்னலில் டேப் ரிக்கார்டரை வைத்து, மூன்று மணிக்கு ஊதும் ஆலைச் சங்கைப் பதிவு செய்தார். சங்கு ஓயும் தறுவாயில், தேநீர் ஆறிவிடும் என்று துலுக்கானம் வழக்கம்போல் கத்திய குரலும் அதில் விழுந்துவிட்டது: "மணி ஆச்சி, வாங்கய்யா!" அதை அழிக்கலாம் என்று நினைத்தவர், கேட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார். அன்றுமுதல் ஒவ்வொரு நடனமும் சங்கோடும் அந்தக் குரலோடும்தான் தொடங்கியது.

இனி, எல்லாத் தீங்குக்கும் காரணமான காரியத்தைச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையின் நிலையாணைப்படி நிரந்தரத் தொழிலாளி வேறு எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது. மீறினால் வேலை போகும். இதனால் எங்கள் பகுதியில் ஒரு வழக்கமே ஏற்பட்டிருந்தது. பெட்டிக்கடை வைத்தவன் மச்சினன் பெயரில் வைத்தான். ஆட்டோ வாங்கியவன் அண்ணன் பெயரில் வாங்கினான். 1984 அக்டோபரில் நடனம் நடத்துவது பற்றிக் கிறிஸ்துதாஸுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சென்றது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை; அதைப் பற்றி இன்று நான் பெருமைப்படவில்லை.

ஒலிபெருக்கி வைக்க வாராவாரம் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்தில் 'உரிமையாளர்' என்று ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் யார் பெயரை எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது அவர் மனைவி ஞானகுமாரி சொன்னார்:

"எம் பேரப் போடேன்."

"ஸ்டேஷன்ல வாராவாரம் நீ போயி நிப்பியா? பாஸ்கரன் பேர்ல போட்டா முடிஞ்சிச்சி. அவன்தான் மைக் செட் கடை வெச்சிகினு கீறான்."

"நாளைக்கு அவன் மாறிட்டான்னா?"

"பாஸ்கரனா? இன்னா குமாரி நீ! அவன் ஊட்டு சோத்துல பாதி நான் துன்னது."

அம்பத்தூரில் மைக் செட் கடை நடத்திய பாஸ்கரன் கிறிஸ்துதாஸோடு பள்ளியில் படித்தவர். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒலிபெருக்கிகளைத் தோளில் சுமந்தார், வேன் ஓட்டினார், ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கல்யாண மண்டபங்களைப் பேசி முடித்தார். 1987க்குள் ஆடவந்த நாற்பது பேர் நானூறு பேரானார்கள். அந்தப் பெயரைப் பெண்கள் கைக்குட்டையில் பூத்தையலாகப் போட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் மேனாம்பேட்டு நிறுத்தம் வந்தால் கண்டக்டர், "செகண்ட் ஷிப்ட்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார். ஆனால் பாட்டைத் தேர்ந்ததும், தாளம் எண்ணியதும், நாடா பதிந்ததும், பெயர் வைத்ததும் ஒரே மனிதர். அனுமதி விண்ணப்பங்களை எழுதியதும் அவரே. அவருடைய கையெழுத்து அச்சுப் போலிருக்கும். ஏழு ஆண்டுகள், வாரந்தவறாமல், அந்த அழகான கையெழுத்தில் அவர் எழுதினார்: நிகழ்ச்சியின் பெயர், செகண்ட் ஷிப்ட், உரிமையாளர், பாஸ்கரன்.

1991இல் பாஸ்கரன் நகரத்து ஓட்டல்காரர்களோடு கூட்டுச் சேர்ந்தார். "மச்சான், சிட்டில பெரிய எடம் ஒண்ணு மாட்டிகீது. நீ டேப்பு மட்டும் குடு, மத்தது நான் பாத்துக்கறேன்" என்றார். கிறிஸ்துதாஸ் அறுபத்து மூன்று நாடாக்களையும் சங்கு நாடாவையும் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, வேன் வரை தாமே சுமந்து சென்று ஏற்றினார். ஒலிபெருக்கிகளும் நகரத்துக்குப் போய்விட்டதால் மறு ஆண்டு மேனாம்பேட்டு நடனம் நின்றது. 'செகண்ட் ஷிப்ட்' என்ற பெயரைப் பாஸ்கரன் தம் பெயரில் பதிவு செய்துகொண்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தொழிற்சாலை வேலை இருந்தது, கேட்கவும் இல்லை.

1996இல் தொழிற்சாலை கதவடைத்தது. கிறிஸ்துதாஸுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. டர்னர் வேலைக்கு எங்கும் இளைஞர்களைத்தான் கேட்டார்கள். தமக்குத் தெரிந்த இன்னொரு வேலையைத் தம் சொந்தப் பெயரில் நடத்த இனி எந்த நிலையாணையும் தடுக்காது என்று அவர் கணக்கிட்டார். ஆவடியில் ஒலிபெருக்கிகளை வாடகைக்குப் பேசினார், கூடத்தைக் கேட்டார், 'மீண்டும் மேனாம்பேட்டில் செகண்ட் ஷிப்ட்' என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார். ஐந்தாம் நாள் பாஸ்கரனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பெயரையும் அந்தச் சங்கொலியையும் அவர் பயன்படுத்துவது சட்ட விரோதம். உடனே நிறுத்தாவிடில் வழக்கு.

தாம் பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கக் கூடாது என்று ஒருவருக்குக் கடிதம் வந்தால் எப்படியிருக்கும்? நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மறுநாள் பிற்பகல் துலுக்கானமும் சேர மூவரும் ஓட்டலுக்குப் போனோம்.

கீழ்த்தளப் படிக்கட்டில் நின்ற காவலாளி எங்கள் கால்களைப் பார்த்தான்.

"சப்பல் போட்டா அலோ பண்ண மாட்டாங்க சார். ஷூ இருந்தாத்தான்."

"கழட்டிட்டு வரட்டுமா?" என்று கிறிஸ்துதாஸ் கேட்டார்.

"வெறுங்காலா? இன்னா சார், கோயிலா இது?"

வெறுங்காலில் பிறந்த நடனத்துக்குள் வெறுங்காலோடு நுழைய அனுமதியில்லை. அந்த நேரத்தில் கீழே ஒலி இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள் போலும். பாடி ஆலையின் சங்கு கேட்டது. அதன் பின்னே, "மணி ஆச்சி, வாங்கய்யா!"

துலுக்கானம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்ய, நம்ம கொரலுப்பா! இங்க இன்னா பண்ணிகினு கீது அது?"

பாஸ்கரன் மேலே வந்தார். கோட்டு அணிந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"மிஸ்டர் தாஸ், லாயர் மூலமா பேசிக்கலாமே."

"மிஸ்டரா? மச்சான் எங்கடா பூட்டான்?"

பாஸ்கரன் ஒரு காகிதக் கோப்பினை வரவழைத்தார். ஏழு ஆண்டு அனுமதிச் சீட்டுகளும் விண்ணப்பப் படிகளும் அதில் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுது."

"உரிமையாளர்னு யார் பேரு எழுதிகீது?"

கிறிஸ்துதாஸ் அதைக் கோப்பிலேயே திரும்ப வைத்தார்.

"முன்னூத்தி நாப்பது பேப்பர். எல்லாம் நீ எழுதனது. நான் ஒண்ணுலகூட பேனா வெக்கல. கோர்ட்டுல இத்த குடுத்தா ஜட்ஜ் இன்னா சொல்லுவாரு?"

"அது எதுக்கு எழுதனேன்னு உனக்குத் தெரியாதா? வேல பூடும்னு எழுதனேன்."

"எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாதே."

துலுக்கானம் முன்னே வந்தார். "இன்னா நைனா, பேப்பர் பேப்பர்ன்ற? கீழ கத்திகினு கீறது நான்தானே? அதுக்கு எந்த பேப்பர் வெச்சிகினு கீற?"

காவலாளி எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். பேருந்தில் ஏறிப் பாடிக்குத் திரும்பினோம். இறங்கும்போது கிறிஸ்துதாஸ் என்னிடம், "சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. நெசமாவே பேப்பர்தான் ஜெயிக்குமா?" என்று கேட்டார். என் வாழ்நாளெல்லாம் காகிதத்தை நம்பியவன் நான்.

இரண்டு வழக்கறிஞர்களைப் பார்த்தோம். இருவரும் அந்த விண்ணப்பங்களைப் பற்றிக் கேட்டவுடனே உதட்டைப் பிதுக்கினார்கள். கிறிஸ்துதாஸ் சுவரொட்டிகளைத் தம் கையாலேயே கிழித்தார். ஆனால் கூடத்துக்குக் கொடுத்த வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

சனிக்கிழமைக்கான ஒலிபெருக்கி அனுமதிக்கு அவரோடு நானும் காவல் நிலையத்துக்குப் போனேன். பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக 'உரிமையாளர்' என்னுமிடத்தில் அவர் கிறிஸ்துதாஸ் என்று எழுதினார். அதற்கு மேலேயிருந்த இடம் காலியாக இருந்தது.

"நிகழ்ச்சி பேரு இன்னாய்யா?" என்றார் நிலைய எழுத்தர்.

"இல்லீங்க."

"பேரில்லாம எப்டி? எதுனா எழுது."

கிறிஸ்துதாஸ் 'சனிக்கிழமை நடனம்' என்று எழுதினார்.

அன்று மூன்றரை மணிக்கு அறுபது, எழுபது பேர் வாசலில் நின்றார்கள். கைக்குட்டையில் பெயர் தைத்துக்கொண்ட பெண்கள் சிலர் தங்கள் மகள்களோடு வந்திருந்தார்கள். பாட்டுகளைக் கிறிஸ்துதாஸ் புதிதாகப் பதிந்திருந்தார்; சங்கு நாடா மட்டும் இல்லை. அது ஓட்டலில் இருந்தது. அந்தச் சங்கை ஊதிய ஆலையும் மூடிக் கிடந்தது. எவ்வாறு தொடங்குவது என்று கிறிஸ்துதாஸ் தயங்கி நின்றபோது, துலுக்கானம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்துப் படியேறினார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "மணி ஆச்சி, வாங்கய்யா!" என்று கூவினார். செருப்புகள் வாசலில் குவிந்தன.

அடுத்த வாரமே இரண்டாம் நோட்டீஸ் வந்தது. 'மணி ஆச்சி, வாங்கய்யா' என்னும் சொற்றொடரும் தங்கள் நிறுவனத்தின் வணிக அடையாளம் என்றும், ஆளை வைத்து அதைக் கூவச் செய்வதும் குற்றம் என்றும் அதில் கண்டிருந்தது. அதைத் துலுக்கானத்துக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இருமுறை படிக்கச் சொன்னார்.

"முப்பது வருசமா அந்த கேண்டீன்ல கத்தினேன். அப்ப ஒருத்தன்கூட வாயில சீல் வெக்கல. இப்ப எவனோ நோட்டீஸ் உட்றானா? கேசு போடச் சொல்லு சார். ஜட்ஜுக்கு முன்னால கத்திக் காட்றேன். எந்தக் கொரலு எவனுதுன்னு அவரே பாத்துக்கட்டும்."

அந்த நோட்டீஸுக்கு நான் பதிவுத் தபாலில் பதில் எழுதினேன். வார இதழுக்கும் எழுதியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்தது, கடிதம் அச்சாகவில்லை. வழக்கு இன்றுவரை போடப்படவில்லை. அந்தப் பெயர் இன்றுவரை திரும்பி வரவும் இல்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குத் துலுக்கானம் படியேறுகிறார். அறுபத்து நான்கு வயதில் குரல் சற்றுக் கம்மியிருக்கிறது. பக்கத்தில் மைக் இருக்கிறது. வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டுத்தான் கூவுகிறார்.