சூடு தெரியாத கை

பேக்கரியில் அவருக்கு 'இரும்பு' என்று பேர். அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுக்க மற்றவர்கள் கைத்துணியைத் தேடும்போது, இவர் வெறுங்கையால் இழுத்து மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் கையா, வெண்ணெயா?" என்று கேட்பார். கூட இருந்தவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் இவரைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியாது. கொப்புளம் வந்தால்கூட ஊதித் துடைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்.

மனைவிக்குத்தான் பயம். ஒரு நாள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது தெரியாமல் வீடு வரைக்கும் நடந்து வந்திருந்தார்.

"ஒரு தடவை டாக்டரைப் பாருங்களேன்."

"வலிச்சா போகலாம். எனக்குத்தான் எதுவுமே வலிக்கலையே."

பேச்சுக்கு என்ன குறைச்சல்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை. சுவரைப் பிடித்து நிற்கும், நடை இன்னும் வரவில்லை. அன்று மனைவிக்கு நல்ல காய்ச்சல். "நீ படு, நான் குளிப்பாட்டுறேன்" என்று தண்ணீரைக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றினார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து கையை விட்டுப் பார்த்தார். இதமாகத்தான் இருந்தது. பிள்ளையை இறக்கினார், வலது கால் முதலில் இறங்கியது.

குழந்தை வீறிட்டது. குளியல் என்றாலே அழுகிற பிள்ளைதானே. "ஏய் வாலு, சும்மா இரு" என்று செல்லமாக அதட்டி, நழுவிவிடாமல் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாவி மனுஷன், அழுத்திப் பிடித்துக்கொண்டார். தட்டுத்தடுமாறி ஓடிவந்த மனைவி தொட்டியில் விரல் வைத்த வேகத்தில் பிள்ளையைப் பிடுங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இரண்டு கால்களுக்கும் கட்டுப் போட்டார்கள். டாக்டரம்மாவின் கண் தகப்பனின் கையில் விழுந்தது. அதுவும் சிவந்து கொப்பளித்திருந்தது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. டாக்டரம்மா இவரைக் கண்ணை மூடச் சொல்லி, "குத்தும்போது சொல்லுங்க" என்றார். இவர் காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது விரல் நுனியில் ரத்தப் பொட்டு.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கணும். ரொம்ப நாள் கவனிக்காம விட்டிருக்கீங்க, நரம்பு செத்துப்போச்சு. சூடு, வலி எல்லாம் அது வழியாத்தான் மூளைக்குப் போகும். அது போயிட்டா சுடுதண்ணியும் வெதுவெதுன்னுதான் தெரியும்."

முகத்தைப் பொத்திக்கொள்ளக்கூட அந்தக் கையைத் தூக்க அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். இடது காலைத் தொட்டதுமே குழந்தை துடிதுடித்துக் கத்தியது. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்தது வலது கால். பாதம் வெள்ளை வெளேரென்று, காய்ந்த தோல் மாதிரி இருந்தது. டாக்டரம்மா அதில் ஊசிமுனையை வைத்து அழுத்தினார். குழந்தை விசும்பலை நிறுத்திவிட்டு நர்ஸின் கைக்கடிகாரத்தை வேடிக்கை பார்த்தது.

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பார்த்தீங்களா, இந்தக் கால்ல வலி விட்டுடுச்சு. இது சீக்கிரம் ஆறிடும்" என்று அவர் தோளைத் தொட்டாள்.

டாக்டரம்மா ஊசியை இன்னும் கொஞ்சம் மேலே வைத்து, மறுபடியும் குத்தினார்.

இவர் கட்டிலோரம் குனிந்தார். "அழும்மா" என்றார். "அப்பா கெஞ்சுறேன், கொஞ்சம் அழு."