தனித்தனியாகப் போட்ட மேசைகள்

சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு ஹோட்டலின் பின்வாசலில் நிற்கிறேன். உள்ளே ஆபிரிக்கத் தலைவர்கள் கூடியிருக்கிறார்கள். முழுக் கண்டத்துக்கும் ஒரே அபிவிருத்தித் திட்டமாம். அதைப் போடுவதற்கு இந்தக் குளிருக்குள்தான் வரவேண்டுமா என்று எரிச்சலாக இருக்கிறது.

நான் லண்டனிலிருந்து வந்தது குமாரைப் பார்க்க. யாழ்ப்பாணத்தில் ஒரே சைக்கிளில் ரியூசனுக்குப் போய், கடையில் பால் விடாத ஒரு பிளேன்ரீயைப் பாதி பாதியாகக் குடித்தவர்கள் நாங்கள். பிறகு நாட்டுக்காகப் போராடவென்று ஆளுக்கொரு இயக்கத்துக்குப் போனோம். அதோடு பேச்சு நின்றது; இத்தனை வருசம் கழித்து இப்போதுதான் சந்திக்கிறோம்.

இங்கே சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்யும் குமார், கையில் ஒரு கோப்பையோடு வெளியே வருகிறான்.

"கனநேரம் நிண்டனீங்களோ?"

"இல்லை. உள்ளுக்கு என்ன நடக்குது?"

"நான் நாட்டுக்கொரு மேசை போட்டிட்டன். எங்கட ஆக்களின்ர கூட்டத்துக்கு இயக்கத்துக்கொரு மேசை போட்டுப் பழகின கை. அவங்கள் சிரிச்சுப்போட்டு, தாங்களே இழுத்து ஒண்டாச் சேர்த்திட்டாங்கள்."

"அவங்களுக்குள்ள சண்டை இல்லையோ?"

"ஏன் இல்லை? சாப்பிடேக்கையும் எல்லையைப் பற்றிக் கத்தினவங்கள். ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல."

எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் கூட்டங்களில் கடைசிவரை இருந்தவன் எவன்? கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவதைப் பெரிய வீரம் என்று நினைத்தோம்.

குமார் கோப்பையை நீட்டுகிறான். பிளேன்ரீ.

"ஒண்டுதான் கொண்டுவந்தனான். பாதியைக் குடிச்சிட்டுத் தாடா."

குடிக்கிறேன். சீனி போதாது என்று ஏசிவிட்டு மீதியைக் கொடுக்கிறேன்.