கீழ்காற்றில் நான் வைத்த தீ

தம்பி எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. "பெரியப்பா, நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும்" என்று அவர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். நல்லதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம், ஆடு மேய்க்கும் குடும்பத்தில் எனக்கு இரண்டு வயது இளையவராகப் பிறந்தவர் தம்பி. அப்பா இல்லாத வீடு. இருவருமே ஐ.டி.ஐ. சேர்ந்தோம். நான் பாதியில் ஆட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் திரும்பினேன். தம்பி முடித்து, எங்கள் மக்காச்சோளக் காட்டுக்கு மேற்கே வந்த ஆக்சிஜன் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்தார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை.

ஒருமுறை என்னை அழைத்துப்போய்க் காட்டினார். காற்றை உறிஞ்சி, கரிசல் தூசியை வடிகட்டி, அழுத்தி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் எடுத்துவிட்டு, தண்ணீராய் ஓடும்வரை குளிரவைக்கிறார்கள். உயரமான கோபுரத்துக்குள் நைட்ரஜன் முதலில் ஆவியாகி மேலே போகிறது. ஆக்சிஜன் அடியில் தங்குகிறது. இரண்டின் கொதிநிலைக்கும் பதின்மூன்று டிகிரிதான் வித்தியாசமாம்.

"சின்னவன் காத்தையே ரெண்டாப் பிரிக்கான். பெரியவனுக்கு ரெண்டு ஆட்டை ஒரு வழியில ஓட்டத் தெரியல" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

தம்பி என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, கீழ்காத்து அடிக்கையில சோளத்தட்டைக்குத் தீ வச்சிராதிய. அந்தப் புகை பிளாண்டுக்குள்ள போய் ஆக்சிஜன்ல சேர்ந்தா வெடிச்சிரும்."

கொரோனா காலத்தில் அவர் வீட்டுக்கே வராமல் பிளாண்டில் கிடந்தார். அதற்காக அடுத்த கோயில் கொடையில், மூத்தவனான எனக்கு விழவேண்டிய முதல் மாலையை ஊர் அவருக்குப் போட்டது. நானும் கை தட்டினேன். மறுநாள் காலை, கீழ்காற்று பார்த்து, சோளத்தட்டைக்குத் தீ வைத்தேன்.

அன்று பொறுப்பில் இருந்தவர் தம்பிதான். புகையைக் கண்டதும் பிளாண்டை நிறுத்தினார். மறுபடி குளிரவைத்து ஓட்ட மூன்று நாள் ஆனது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வும் தள்ளிப்போனது. கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகத்தில் மாட்டிய மாஸ்க்கை விலக்கி, "இது நம்ம பிளாண்டு ஆக்சிஜனா இருக்கும்ணே" என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டேன்.

கருமாதிக்கு வந்த அவருடைய சக ஊழியர் சொன்னார்: "தீ வச்சது யாருன்னு மேனேஜர் துளைச்சு எடுத்தாரு அண்ணாச்சி. உங்க தம்பிக்கு அது யாரு காடுன்னு தெரியாமலா இருக்கும்? கடைசி வரைக்கும் 'தெரியல சார்'னே சொல்லிட்டாவ."

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த பிளாண்டு நண்பர்களுக்கும், ஊராருக்கும், உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பி, தீ வைத்தது நான்தான். உனக்குத் தெரியும். இந்த மலரை வாங்குகிற எல்லோருக்கும் தெரியட்டும். காட்டிக்கொடுக்காத அந்த மனசும் உனக்குத்தானே வாய்த்தது என்று இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

— அண்ணன்