அருவிக்கரையில் நின்றுபோன விசாரணை

சுப்பையா அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது தென்காசி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. என்னால் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. அவரோடு பணியாற்றிய உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

காவல் உதவி ஆய்வாளராக இருந்தும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர், "நான் யாருன்னு தெரியுமா?" என்று மேசையைத் தட்டினார். "தெரியலையே அண்ணாச்சி. ஒங்க பேரு, தகப்பனார் பேரு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றார் இவர். தட்டியவர் உட்கார்ந்துவிட்டார்.

பேரூராட்சித் தலைவர் தேர்தலுக்கு முன்பு ஒரு பெண் கவுன்சிலர் காணாமல்போன வழக்கு அவரிடம் வந்தது. வாக்களிக்கவிடாமல் செல்வாக்குள்ள ஒருவரின் ஆட்கள் தன்னைக் குற்றாலத்தில் ஒரு விடுதியில் பூட்டிவைத்ததாக, திரும்பி வந்த அந்தப் பெண் சொன்னார். விடுதியின் கேமராப் பதிவுதான் சாட்சி. புதிய பதிவு ஏற ஏறப் பழையது அழிந்துவிடும். உடனே போய் எடுக்கப்போவதாக அண்ணாச்சி அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார்.

அன்று மாலை, டூட்டிப் பட்டியல் போடும் எழுத்தரான என்னை மேலதிகாரி அழைத்தார். "சுப்பையாவ சீசன் டூட்டிக்குப் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் அருவிய விட்டு நகரக் கூடாது." எழுத்தில் எதுவும் இல்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னது நான்.

சாரல் காலத்தில் யாருக்கும் சந்தேகம் எழுப்பாத டூட்டி அது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதோடு, பெரிய அதிகாரிகளின் குடும்பங்களைக் குளிக்கவைத்தும் அனுப்ப வேண்டும். உறவினர்களோடு குற்றாலம் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். யாருடைய துண்டுகளோ தோளில் கிடந்தன. அந்த விடுதி அங்கிருந்தே தெரிந்தது.

"கூப்பிடு தூரந்தான். நகந்தா, டூட்டிய விட்டு ஓடிட்டான்னு சொல்லுவாவ. மேனேஜருக்குப் போன் போட்டா, நேர்ல வாங்க சார்ங்கான். வேற ஆள அனுப்புங்கன்னா, ஆளே இல்லைங்காவ. துண்டு புடிக்க மட்டும் ஆளு இருக்கு, பாத்தியாம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

டூட்டி முடிந்து அவர் விடுதிக்குப் போனபோது பதிவு அழிந்திருந்தது. வழக்கு கைவிடப்பட்டது. தாமதம் செய்ததாக அவர்மீதே துறை விசாரணை வந்தது. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சீசன் டூட்டி எல்லாருக்கும் போடுவதுதான் என்றேன். அது பொய்யில்லை. அதனாலேயே சொல்வதற்கு எளிதாக இருந்தது.

வெளியே வந்தபோது வராந்தாவில் அவர் நின்றிருந்தார். "ஏம்மா, அந்த டூட்டிய யாரு போடச் சொன்னது?"

"தெரியாது அண்ணாச்சி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். கெளம்பு" என்றார்.

ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டு, அந்தப் பழியோடுதான் ஓய்வு பெற்றார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் சொன்னாள்: "அப்பா கேச கோட்ட விட்டுட்டாவன்னு இன்னும் பேசுதாவ அக்கா."

அவருடைய பெருந்தன்மையை நினைவாக வைத்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. வராந்தாவில் அவர் கேட்ட அந்தக் கேள்வியை வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் இது: மேலதிகாரி சொன்னார், நான் போன் செய்தேன். அண்ணாச்சி தாமதிக்கவில்லை. நான் இன்னும் பணியில்தான் இருக்கிறேன். யார் கூப்பிட்டுக் கேட்டாலும் இனி இதைத்தான் சொல்வேன்.