நடுக் கட்டம்

மனு எழுதுகிறவன் தொழிலில் பாதி, இல்லாத பெயருக்கு இடம் தேடுவது; மீதி, இருக்கிற பெயரை அடிப்பது.

கோடு

இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் நாற்பது வருஷமாக ஒரே நாற்காலி. முன்பு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். படிவம் மட்டும் மாறவில்லை. முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று. அவ்வளவுதான். நீங்களும் பட்டிருப்பீர்கள். அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதிவிட்டு வந்திருப்பீர்கள். பிறகு ஏர்போர்ட்டில் உங்களை அப்பா பெயரால் கூப்பிட்டிருப்பார்கள்.

நடுக் கட்டத்தில் நான் யோசிக்காமல் ஒரு கோடு இழுத்துவிடுவேன். ஆபீசில் ஒரு வங்காளி கிளார்க் இருந்தார். தீவில் பிறந்தவர், அரைத் தமிழ் பேசுவார். என் கோடுகளைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டார்: “அன்னா, உங்க ஆளுங்களுக்கு எல்லாம் நடுவில காலி ஹை க்யா?”

மாயாபந்தர் வம்சாவளி

மாயாபந்தரில் ஒரு குடும்பத்துக்கு நிலப் பெயர் மாற்றம். வம்சாவளி எழுதிக் கேட்டார்கள். எழுதினேன். சுப்பையா மகன் வேலு. வேலு மகன் சுப்பையா. சுப்பையா மகன் வேலு. தாத்தா பெயர் பேரனுக்கு. நமக்குச் சாதாரணம்.

அதே கிளார்க் விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே போனார். மறுபடி மேலேயிருந்து கீழே வந்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “இந்த சுப்பையா மர்றதே, சாவறதே இல்லையா, அன்னா? போயி போயி திரும்பி வர்றானே!”

சிரித்துவிட்டு வந்தேன். ஹட் பே கேஸ் வரும்வரை சிரித்தேன்.

இரண்டு தேதி

ஹட் பேயிலிருந்து கப்பலில் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் செல்லம்மா. புருஷன் ராமசாமி எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தவர். மகன் குமரேசன். சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. மூன்று மாசத்துக்குள் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். தவறினால் அந்த இடம் இன்னொருத்தனுக்கு. வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை.

காகிதங்களைப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி. பள்ளிச் சான்றிதழில் அதற்கு இரண்டு வருஷம் தள்ளி ஒரு தேதி. எனக்கு எரிச்சல். “எதுடா சரி? சட்டென்று சொல்லு, ஆள் காத்திருக்கு” என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள்.

“ரெண்டும் சரிதான் அங்கிள். ஒண்ணு என்னோடது இல்ல.”

ஒரே தடவை சொன்ன பெயர்

மூத்த பிள்ளை ஒன்று இருந்திருக்கிறது. ராமசாமியின் அப்பா பெயரை, குமரேசன் என்று, அதற்கு வைத்திருக்கிறார்கள். பத்து மாசத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அடுத்தவன் பிறந்ததும் தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாது என்று அதே பெயர். பெயர் ஒன்றுதானே, காகிதம் எதற்கு இரண்டு என்று ராமசாமி மூத்தவன் சான்றிதழையே இவனுக்கு வைத்துக்கொண்டார். இவன் பிறந்ததும் பதியவில்லை. அவன் செத்ததும் பதியவில்லை. சர்க்கார் கணக்கில் செத்தவன் இருக்கிறான், இருக்கிறவன் இல்லை.

வழி ஒன்றுதான். முதலில் மூத்தவன் சாவைப் பதிய வேண்டும். பிறகு இவன் பிறப்பை. சாவு மனுவில் தாய் கையெழுத்து வேண்டும். செல்லம்மா மாட்டேன் என்றாள். மகன் கெஞ்சினான், நான் திட்டினேன். ம்ஹூம். “சரி, உன் மகனை வீட்டில் எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேட்டேன். பிச்சை என்றாள். மூத்தது தங்காததால் இவனைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, சாவு கண் வைக்காதிருக்க வைத்த பெயர். குமரேசன் என்று அவள் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை அல்லவா.

“ஒரே ஒரு தடவ சொன்னேன் அண்ணாச்சி. பெரியவன் மூச்சு நின்னப்ப, என்னை மறந்து அந்தப் பேரச் சொல்லிக் கத்திட்டேன். ‘ம்’னான். மூச்சு நின்ன பிறகு ‘ம்’னான். பதில் சொன்னவன செத்துட்டான்னு நான் எப்படி எழுதிக் குடுப்பேன்?”

ஆஜர்

மாஜிஸ்திரேட் ஆபீசுக்கு நானே கூட்டிப்போனேன், அதிகாரி சொன்னாலாவது கேட்பாள் என்று. பகல் பதினொரு மணி. வராந்தா பெஞ்சில் நானும் செல்லம்மாவும். மகன் ஜெராக்ஸ் எடுக்கத் தெருமுனைக்குப் போயிருந்தான். எங்களுக்குப் பின்னால் பழைய ஃபைல் அறை. கதவு பாதி திறந்திருந்தது.

பியூன் வந்து பெயர் கூப்பிட்டான். “குமரேசன்!” ஆள் வெளியே போயிருக்கிறான் என்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் பியூன் நோட்டில் டிக் அடித்துவிட்டான். “யாரப்பா பதில் சொன்னது?” என்றேன். எனக்குக் காது மந்தம். செல்லம்மாவுக்கு மந்தமில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஃபைல் அறைக்குள் போய்ப் பார்த்தேன். கட்டுக் கட்டாகக் காகிதம், தூசி. தூசியில் என் செருப்புத் தடம் மட்டும்தான்.

பியூன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “அந்த ரூம்லேர்ந்து ‘ம்’னு சொல்லிச்சே, அன்னா. சின்ன பச்சாவ ஏன் உள்ள விட்டீங்க? பாம்பு இருக்கும்.”

கையெழுத்து

செல்லம்மா அழவில்லை. பேனாவைக் கேட்டாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் நான் எழுதப் போனேன். தடுத்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்தாக அவளே எழுதினாள். எழுதும்போது உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். மகன் மூச்சு வாங்க ஓடிவந்து, போட்டாகிவிட்டது என்று தெரிந்ததும், அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வேலை முடிந்து கிளம்பும்போது படியில் நின்று பின்னால் திரும்பி, முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மாமனார் பெயரைச் சொன்னாள். வராந்தா முழுக்க ஆள். எல்லாரும் பார்த்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. அவளும் இல்லை என்று தலையாட்டினாள்.

“இத்தன வருஷமா கூப்பிட்ட இடத்திலயே நின்னுக்கிட்டு இருந்திருக்கான் அண்ணாச்சி. நான்தான் போகச் சொல்லல.”

நடுவில் யார்

பிறகு இளையவன் பிறப்பு மனு. அதே மூன்று கட்டம். முதல் கட்டத்தில் என்ன பெயர் என்றேன். பிச்சை என்றாள் தாய். “கப்பல் பூரா பிச்சை, பிச்சைன்னு கூப்பிடுவாங்களேம்மா” என்று மகன் முனகினான். “அர்த்தம் தெரிந்தவன் எவனும் அந்தக் கப்பலில் இருக்க மாட்டான், போடா” என்றேன். கடைசிக் கட்டத்தில் ராமசாமி. நடுவில் வழக்கம்போலக் கோடு இழுக்கப் பேனாவை வைத்தேன்.

செல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அங்கே குமரேசன் என்று எழுதச் சொன்னாள். நான் நடுப்பெயர் எழுதியது அதுதான் முதல் தடவை. ஒரு பெயருக்கு மூன்று கட்டமும் நிரம்பி, காகிதம் நெரிசலாகத் தெரிந்தது. பாஸ்போர்ட் கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் வந்து, பையன் கப்பல் ஏறிவிட்டான். எதற்கு நடுவில் என்று அன்றைக்கே அவளிடம் கேட்டிருந்தேன்.

“ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் அப்பா. பத்து மாசக் குழந்தை அண்ணாச்சி, நடுவுலதான படுக்கும்.”

நாற்பது வருஷமாக எத்தனை நடுக் கட்டங்களை அடித்திருக்கிறேன் என்று தெரியாது, இப்போதெல்லாம் கோடு இழுக்கும் முன் கட்டத்தைப் பார்த்து “உள்ளே யாராவது உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் இழுக்கிறேன், காது மந்தமாக இருப்பதும் ஒரு வசதிதான்.