உனக்குத்தான் மனம் கேக்காது

அம்மா விழுந்து இடுப்பு முறிந்தபோது அண்ணைதான் முதலில் நியாயம் பேசினார்.

"ஆளுக்கொரு மாதம் வச்சுப் பாப்பம், தங்கச்சி. ரெண்டு பேரும் பிள்ளையள்தானே."

முதல் மாதம் அம்மா கிளிநொச்சியில் என்னோடு இருந்தார். அண்ணையின் முறை வந்ததும் அவர் முல்லைத்தீவிலிருந்து அழைத்தார்.

"இங்க வந்தா அவாவுக்கு இடம் பிடிக்காது. உன்னோடயே இருக்கட்டும். நான் பாக்கமாட்டன் எண்டில்லை, ஆனா உனக்குத்தான் மனம் கேக்காது."

அப்படியே ஒரு வருடம் போனது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பிப்பேன். சனி, ஞாயிறுகளில் வவுனியாவுக்குப் போய் ஆசிரியர்களுக்கான டிப்ளோமாவும் படித்தேன். ஒருநாள் விரிவுரையாளர் ஒழுக்க வளர்ச்சியைப் பற்றிச் சொல்லித் தந்தார். ஆண்கள் நீதியின் உச்சிப் படிவரை ஏறுவதாகவும், பெண்கள் மற்றவர் மெச்சும் நல்லவர்களாக நடுப்படியிலேயே நின்றுவிடுவதாகவும் முன்பு எழுதினார்களாம். பெண்ணியவாதிகள் அதை மறுத்தார்களாம். 'எது நியாயம்' என்று கேட்பது ஒரு வழி, 'யாருக்கு நோகும்' என்று பெண்கள் கேட்பது இன்னொரு வழி, இரண்டாவது ஒன்றும் குறைந்ததல்ல என்றார்களாம். வகுப்பிலிருந்த பெண்களெல்லாம் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணையைப் போல இவர்களும் 'உனக்குத்தான் மனம் கேக்காது' என்றுதான் சொல்கிறார்கள் என்று பட்டது. முதுகு வேறு வலித்தது.

இறுதிப் பரீட்சைக்கு வவுனியாவில் ஒரு கிழமை முழுதும் தங்க வேண்டியிருந்தது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். அவரின் மனைவி, என் மச்சாள், மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்பில் நின்றார்.

"மச்சாளும் இல்லையே, நான் என்னெண்டு பாக்கிறது?"

"நான் பழகின மாதிரித்தான், அண்ணை."

முதல் நாளெல்லாம் தொலைபேசி ஓயவில்லை. கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருக்க வேணும், உடுப்பு மாற்றும்போது எந்தக் கையை முதலில் எடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேள்விகள் குறைந்தன. கடைசியாக அழைத்தபோது அவர்தான் எனக்குச் சொன்னார்:

"இடப்பக்கம் சரிச்சா அவாவுக்கு நோகுது. வாய் திறந்து சொல்லமாட்டா, முகத்தில தெரியும்."

அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த மனம் யாருக்கும் பிறவியில் வருவதில்லை, பார்க்கப் பார்க்கத்தான் வருகிறது என்று அப்போது நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பரீட்சை முடிந்து நான் திரும்பிப் போனபோது அண்ணை அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தார். அண்ணையின் பக்கத்து வீட்டு மனுசி வேலியடியில் நின்று பார்த்தார்.

"ஆம்பிளைப் பிள்ளை இப்பிடிப் பாக்கிறது லேசான விசயமே? உங்கட அம்மா குடுத்து வச்சவா."

ஒரு வருடமாக என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அண்ணை கூச்சத்தோடு சிரித்தார். எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

"அம்மா இங்கயே நிக்கட்டும்" என்றார் அண்ணை. "ராவில அவா அசைஞ்சாலே எனக்கு முழிப்பு வந்திடுது."

மச்சாள் கொழும்பிலிருந்து வரும்வரை அண்ணை அப்படியே பார்த்தார். அவர் வந்த பிறகு கஞ்சியும் உடுப்பும் மெல்ல மெல்ல மச்சாளின் கைக்குப் போயின. அதையும் மச்சாள்தான் அழைத்துச் சொன்னார், குற்றம் சொல்லாமல், என்னைப் போலவே களைத்த குரலில்.

"நாளைக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன், மச்சாள்" என்றேன்.

"ஓம், வாங்கோ" என்றார்.