சித்தி கடைசியாக வந்த நாள்

சித்தியைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக எங்கள் வீட்டில் மூன்று முறை கேசரி கிண்டினார்கள். மூன்று முறையும் கேசரி நன்றாக வந்தது. சம்பந்தம்தான் அமையவில்லை. முதல் மாப்பிள்ளையின் அம்மா, சித்தியை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்து காட்டச் சொன்னார். இரண்டாவது வீட்டார், ஆஸ்பத்திரி லேப் வேலையை விட்டுவிடுவாளா என்று மாமாவிடம் கேட்டார்கள், சித்தி எதிரிலேயே உட்கார்ந்திருந்தும். மூன்றாமவர் வந்ததிலிருந்து கிளம்பும்வரை தன் செல்போனைத்தான் பெண் பார்த்தார். அன்றைக்குத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இனி யார் வந்தாலும் இந்தத் தட்டைத் தூக்கமாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டாள்.

நான்காவது ஜாதகம் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை பாலிடெக்னிக்கில் வேலை பார்த்தார். தரகர் கொடுத்த தாளில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் சைக்கிள் என்று எழுதியிருந்தது. சித்தி அதை இரண்டு தடவை படித்தாள். மாப்பிள்ளையும் இருக்கும் ஒரு சைக்கிள் கிளப் நாகர்கோவிலில் உண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து நாள் முழுக்கச் சுற்றிவருவார்கள், யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம் என்று விசாரித்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

"நானும் போறேன் அக்கா. அங்க வச்சுப் பாத்துக்கிடலாம்."

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. பார்வதிபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவர்தான் எங்கள் குடும்பத்தின் உயர் நீதிமன்றம். "பொண்ணு பாக்கதுக்கு ரோட்டுலயா போவாவ? நாலுபேரு என்னத்த சொல்லுவாவ?" என்று வீடு முழுக்க நடந்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சரி என்று தகவல் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மாமா இரண்டு நிபந்தனைகள் போட்டார். தரகர் கையில் இன்னொரு வரன் காத்திருப்பதால், உண்டா இல்லையா என்று சித்தி அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது நிபந்தனை நான்.

"ஏட்டி, சித்திக்க பக்கத்துலருந்து மாறப்பிடாது. ரெண்டுவேரும் என்ன பேசுகாவன்னு கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லணும், கேட்டியா?"

தலையை ஆட்டினேன். ஆனால் என் கவலை வேறு. பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் முழுத் தூரத்தையும் மிதித்து முடித்தால் மெடல் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். மெடலோடு சித்தியின் பெருமையும் எனக்கு முக்கியமாக இருந்தது. சித்தி தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு ஏற்றம் வரும். அதில் ஆண்களே இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். ஹேண்டில்பாரில் சோற்றுப் பை ஆட ஆட, சித்தி ஒருநாளும் இறங்கியதில்லை. அவள்தான் முதலில் வருவாள் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டேன்.

அதிகாலையில் முப்பது பேர் போலக் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளை பளிச்சென்ற மஞ்சள் கோட்டு போட்டிருந்தார். அந்த மாதம் அவர் முறையாம். கிளப்பின் தலைவர், ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர், அதை எங்களுக்கு விளக்கினார். மஞ்சள் கோட்டுக்காரர் எல்லோருக்கும் பின்னால் வருவார். எவர் களைத்துப்போனாலும், எவர் டயர் பஞ்சரானாலும், கடைசி ஆளைத் தாண்டி அவர் போகக் கூடாது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள அவருக்கும் பின்னால் ஒரு மினி லாரி வரும்.

"கடைசி ஆளு எவ்வளவு பையப் போனாலும் அவரு முன்னால போவமாட்டாரா?" என்று சித்தி கேட்டாள்.

"போவப்பிடாதும்மா. அதாக்கும் சட்டம்."

முதலில் வரப்போகிறவளுக்கு எதற்கு இந்தச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வில்லுக்குறி தாண்டியதும் சித்தியின் வேகம் குறைய ஆரம்பித்தது. இரணியலில் நாங்கள்தான் கடைசி. அந்தப் பக்கத்துச் சாலை ஒரு நிமிடம்கூடச் சமமாக இருக்காது. வாழைத்தோப்புக்குள் இறங்கும், உடனே ரப்பர் மரங்களுக்கிடையே ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் சித்தி இறங்கி நின்றாள். தண்ணீர் குடித்தாள். செருப்பைச் சரிசெய்தாள். நெய்யூரில் ஒரு கல்யாண போஸ்டரை முழுதாக வாசித்தாள்.

"சவுட்டு சித்தி!" என்று மிதிக்கச் சொல்லிப் பல்லைக் கடித்தேன்.

"கால் வலிக்கி மக்கா," என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. வேகம் குறைந்த புதிதில் எங்களைத் தாண்டிப்போன ஆண்கள் ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒருவர் சீட்டை உயர்த்தச் சொன்னார், ஒருவர் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். மஞ்சள் கோட்டுக்காரர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சித்தி நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். இடையிடையே ஏதோ பேசிக்கொண்டார்கள். மாமாவுக்காகக் காதைத் தீட்டிக் கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவின் சர்க்கரை அளவு, பாலிடெக்னிக் கேன்டீன் சாம்பார், வழியில் பார்த்த ஒரு நாய். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த மனிதருக்குச் சித்தியைப் பிடிக்கவில்லை, இப்படி உருட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று முடிவுகட்டினேன்.

குளச்சல் வழியாக மண்டைக்காட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. பாதித் தோசையை விழுங்கிவிட்டு, "நீ வந்தா வா, வராட்டி போ" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, மாமாவின் கட்டளையைக் காற்றில் விட்டு முன்கூட்டத்தோடு பறந்தேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வலப்பக்கம் கடல் வந்தது. காற்று எதிரில் அடித்தது. பெரியவர்களின் வேகத்துக்கு மிதிக்க முயன்று, கடியபட்டணம் வருவதற்குள் என் கால்கள் இரும்பாகிவிட்டன. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். முட்டத்து ஏற்றத்தின் அடிவாரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஓடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். இப்போது முன்கூட்டத்தின் கடைசி ஆள் நான்தான்.

வெகுநேரம் கழித்து அவர்கள் இரண்டுபேரும் சிரித்துப் பேசியபடி வந்தார்கள். பின்னால் மினி லாரி. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏறினால் மெடல் போச்சு. ஏறாவிட்டால் அந்த மேட்டைத் தாண்ட என்னால் முடியாது.

மஞ்சள் கோட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மக்கா, வண்டியில ஏறுகியா, இல்ல சவுட்டுகியா? ரெண்டும் நல்லதுதான். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் பின்னாலதான் நிப்பேன்."

சித்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"ஏறுட்டி சைக்கிள்ல."

ஏறினேன். அவள் என் பக்கத்தில் வந்து, ஒரு கையால் தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் முதுகில் வைத்தாள். அடுத்த கணம் என் சைக்கிள் மேட்டில் ஓட ஆரம்பித்தது. நான் மிதித்தேனா என்பதே நினைவில்லை. சித்தி எழுந்து நின்று மிதித்தாள். எங்கும் நிற்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. பாதி மேட்டில் இளைப்பாறிவிட்டு மறுபடி தள்ளாடிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தாண்டினோம். அதில் ஒருவர் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தவர். உச்சியில் கலங்கரை விளக்கம் தெரிந்தபோதுதான் கையை எடுத்தாள்.

அந்த இரண்டு பேருக்கும் பின்னால் மஞ்சள் கோட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சித்தியைப் பார்த்தார். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்பம் காலைலேருந்து நீங்க...?"

"இன்னைக்குப் பாக்க வந்தது நானாக்கும்," என்றாள் சித்தி. அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நான் அழுதுகொண்டு வந்தது இவர்களுக்கு இவ்வளவு வேடிக்கையாக இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது.

ராஜாக்கமங்கலம் வழியாக நாங்கள் ஊர் திரும்பியபோது மணி மூன்று. என் மெடலை நான் வாங்கிவிட்டேன். வீட்டில் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை விசாரித்தார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சித்தியால் சைக்கிள் மிதிக்கவே முடியவில்லை. மாப்பிள்ளை திட்டவும் இல்லை, உற்சாகப்படுத்தவும் இல்லை. நாயைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா. அவர் முகம் தொங்கிப்போயிற்று. அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான்காவது தடவையும் போயிற்று. எனக்குச் சித்தியை நினைத்துத் தாங்கவில்லை. உள்ளே போய், தலை துவட்டிக்கொண்டிருந்தவளின் கழுத்தில் என் மெடலைப் போட்டேன். சித்தி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு மெடலோடு முன்னறைக்கு வந்து மாமாவுக்கு எதிரில் நின்று, "எனக்குச் சம்மதம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் தரகரின் போனும் வந்தது. அவர்களுக்கும் சம்மதம்.

எல்லாம் என் மெடல் கொடுத்த தைரியம் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். கல்யாணத்தன்று சித்தப்பாவிடமே அதைச் சொன்னேன். அவர் மிகவும் பணிவாக நன்றி சொன்னார். முட்டத்து மேட்டில் என் முதுகைத் தாங்கிய கையில் எவ்வளவு பலம் இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து அந்தப் பலம் எங்கே போயிருந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை.